புல்லியன் நாணயங்கள்: வாங்கத் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

ஒரு அவுன்ஸ் அமெரிக்கன் ஈகிள் தங்க நாணயத்தின் மேல் 50 டாலர் என்று பொறித்திருக்கும். அதே பெயருடைய வெள்ளி நாணயத்தின் மேல் 1 டாலர் என்று இருக்கும். தென்னாப்பிரிக்காவின் கிருகெராண்ட் தங்க நாணயத்திலோ எந்தத் தொகையும் இருக்காது. மூன்றுமே தத்தம் நாட்டில் சட்டப்படி செல்லும் நாணயங்கள்தாம். ஆனால், உள்ளிருக்கும் உலோகம் பொறிக்கப்பட்ட தொகையைவிடப் பல மடங்கு பெறுமானமுடையது என்பதால் அவற்றை எவரும் செலவழிப்பதில்லை. உள்ளிருக்கும் உலோகத்துக்காகவே வாங்கப்படும் இத்தகைய நாணயமே புல்லியன் நாணயம். அதற்கு முகமதிப்பு (மேலே பொறித்த தொகை), உலோக மதிப்பு, விற்பனை விலை என மூன்று கணக்குகள் உண்டு. முதலாவது பெயரளவுக்கானது. இரண்டாவதை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. மூன்றாவதை விற்பவர் சொல்கிறார். விற்பவர் சொல்லும் விலையிலிருந்து உலோக மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதே பிரீமியம். நான் கண்ட இழப்புகளில் பெரும்பாலானவை உலோகத்தின் விலை இறங்கியதால் வந்தவை அல்ல. இந்தச் சிறிய கழித்தலைச் செய்யாமல் வாங்கியதால் வந்தவை. ஆகவே, கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் அந்தக் கணக்கே திரும்பத் திரும்ப வரும்.

முதற்படி: உலோகம் வேண்டுமா, நாணயம் வேண்டுமா என்று முடிவு செய்தல்

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை வெவ்வேறு வேலைகள். சேமிப்புக்காக வாங்குபவர், கொடுக்கும் பணத்துக்கு அதிகபட்ச எடை உலோகம் கிடைக்க வேண்டும் என்று பார்க்கிறார். அவருக்கு நாணயத்தின் ஆண்டும் உருவமும் பொருட்டல்ல. சேகரிப்பாளர் உருவத்துக்கும் அரிய தன்மைக்கும் மாசற்ற மேற்பரப்புக்கும் பணம் கொடுக்கிறார். அந்தப் பணம் திரும்பி வருமா என்பது, பிற்காலத்தில் அதே விருப்பமுள்ள இன்னொருவர் கிடைக்கிறாரா என்பதைப் பொறுத்தது. இரண்டையும் செய்யலாம், தவறில்லை. ஆனால், ஒரே நாணயத்தில் இரண்டையும் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகிறது.

நானும் தொடக்கத்தில் அவ்வாறு எதிர்பார்த்தவன்தான். மரப்பெட்டி, வெல்வெட் மெத்தை, எண்ணிட்ட சான்றிதழ் ஆகியவற்றுடன் வந்த ஒரு புரூஃப் வெள்ளி நாணயத்தை, இது முதலீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கினேன். சில ஆண்டுகள் கழித்து விற்கப் போனபோது, வாங்குபவர் பெட்டியைத் திறந்து நாணயத்தை மட்டும் எடுத்துத் தராசில் வைத்தார். பெட்டியையும் சான்றிதழையும் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டார். புரூஃப் நாணயம் என்பது மெருகேற்றிய அச்சுகளால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து, கண்ணாடி போன்ற பின்னணியோடு செய்யப்படுவது; அதன் அழகில் குறையொன்றும் இல்லை. அதைச் சேமிப்பு என்று எண்ணியதுதான் பிழை.

சேமிப்பு என்று முடிவு செய்தவர் காலத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். உலோகம் வட்டி தராது, ஈவுத்தொகை தராது, குட்டியும் போடாது. 1980 ஜனவரியில் தங்கம் தொட்ட உச்ச விலையை அது மீண்டும் கடந்தது 2008 ஜனவரியில்தான். இடையில் விலைவாசி ஏறியதைக் கணக்கிட்டால் அந்த 28 ஆண்டுக் காத்திருப்பு இன்னும் கசப்பானது. வெள்ளியோ அதே 1980-இன் உச்சத்துக்கு அருகில் 2011 ஏப்ரலில் சென்று, அதைத் தாண்டாமலேயே சரிந்தது. விலை ஏறும் காலத்தில் நுழைபவருக்கு இந்தச் சரித்திரத்தை யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன். அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தையும் கடனாகப் பெற்ற பணத்தையும் இதில் போடக் கூடாது.

இரண்டாம் படி: எடையையும் மாற்றையும் படிக்கப் பழகுதல்

உயர்மதிப்பு உலோகங்கள் டிராய் அவுன்ஸில் எடை போடப்படுகின்றன. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம், பிற பண்டங்களை நிறுக்கும் சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம் மட்டுமே. இந்த வேறுபாட்டை மறைத்து, வெறுமனே அவுன்ஸ் என்று எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், கிராமில் எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மாற்று, அதாவது உலோகத்தின் தூய்மை. 22 கேரட் தங்க நாணயத்தில் நூற்றுக்கு 91.67 பங்கு தங்கம் இருக்கும். எஞ்சியது உறுதிக்காகச் சேர்க்கப்படும் செம்போ, செம்பும் வெள்ளியுமோ ஆகும். பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 22 கேரட் என்றவுடன் குறைந்தது என்ற எண்ணம் எழும். அது தேவையற்ற கவலை. கிருகெராண்டும் அமெரிக்கன் ஈகிளும் 22 கேரட் நாணயங்கள். ஆனால், அவற்றின் மொத்த எடை 33.93 கிராம். சேர்மானத்தை நீக்கினால் உள்ளே ஒரு டிராய் அவுன்ஸ் சுத்தத் தங்கம் முழுமையாக இருக்கும். 9999 தூய்மையுள்ள (பத்தாயிரத்தில் 9999 பங்கு தங்கமான) கனடாவின் மேப்பிள் லீஃப் 31.10 கிராம் எடையில் அதே அளவு தங்கத்தைத் தருகிறது. செம்பு கலந்த கிருகெராண்ட் சற்றே சிவந்தும் கீறலைத் தாங்கக்கூடியதாகவும் இருக்கும். மேப்பிள் லீஃப் மஞ்சளாகவும் நகம் பட்டாலே தடம் விழக்கூடிய மென்மையோடும் இருக்கும். வேறுபாடு அவ்வளவுதான். சுத்தத் தங்கத்தின் எடை எவ்வளவு என்பதையே எப்போதும் கேட்க வேண்டும்.

ஒரு முழு அவுன்ஸ் என்ற கணக்குக்கு விலக்காக நிற்பது பிரிட்டனின் சாவரின். நாம் சவரன் என்று சொல்வது இந்த நாணயத்தின் பெயரைத்தான். 1817 முதல் இன்றைய வடிவில் வெளிவரும் அதன் மொத்த எடை 7.988 கிராம், உள்ளிருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். பேச்சு வழக்கில் சவரன் என்றால் 8 கிராம் என்று கணக்கிடுபவர், இந்த நாணயத்தை விலை பேசும்போது அந்தப் பழக்கத்தை ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

சீனாவின் பாண்டா நாணயங்கள் 2016 முதல் அவுன்ஸுக்குப் பதிலாக 30 கிராம் எடையில் வருகின்றன. பழைய பாண்டாவின் விலையோடு புதியதன் விலையை ஒப்பிடுபவர் இந்த ஒரு கிராம் குறைவை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: எந்த நாணயம்

நவீன புல்லியன் நாணயத்தின் கதை 1967-இல் கிருகெராண்டோடு தொடங்குகிறது. முகமதிப்பு இல்லாமல், சரியாக ஒரு அவுன்ஸ் தங்கம் என்பதையே அடையாளமாகக் கொண்டு வெளிவந்த அது, தங்கத்தின் அன்றாடச் சந்தை விலையையொட்டி விற்பனையானது. 1979-இல் மேப்பிள் லீஃப் வந்தது. நிறவெறிக் கொள்கையைக் காரணம் காட்டி 1985-இல் அமெரிக்கா கிருகெராண்டின் இறக்குமதியைத் தடை செய்தது. மறு ஆண்டே அமெரிக்கன் ஈகிள் வெளிவந்தது. 1987-இல் பிரிட்டானியாவும் 1989-இல் ஆஸ்திரியாவின் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கும் சேர்ந்துகொண்டன.

சேமிப்புக்காக வாங்குபவருக்கு இந்த ஐந்தாறு பெயர்களே போதும். இவற்றை எந்த நாட்டு வணிகரும் பார்த்தவுடன் அறிவார், சோதிப்பது எளிது, விற்பதும் எளிது. தனியார் ஆலைகள் அடிக்கும் வட்டத் தகடுகள் நாணயம் போலவே இருந்தாலும் எந்த அரசும் அவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை. அவற்றின் பிரீமியம் குறைவு என்பது உண்மை, ஆனால் விற்கும்போது கேட்கப்படும் கேள்விகள் அதிகம். தங்கத்தில் தொடங்குபவர் அவற்றைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. வெள்ளியில் அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை.

ஃபில்ஹார்மோனிக் நாணயத்தின் இசைக்கருவிச் சித்திரம் 1989 முதல் மாறவே இல்லை. 2002-இல் யூரோ வந்தபோது முகமதிப்பு மட்டும் மாறியது. சேகரிப்பாளருக்கு அதில் தேடிப் பிடிக்க ஒன்றுமில்லை. சேமிப்பவருக்கு அதைவிட வசதியான நாணயம் வேறில்லை. பாண்டாவோ ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் புதிய சித்திரத்துடன் வருகிறது. ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா வெள்ளி நாணயம் 1990 முதல் அவ்வாறே வருகிறது. மெக்ஸிகோவின் லிபெர்டாட் முகமதிப்பு இல்லாமல், பிறவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கையில் அடிக்கப்படுகிறது. சேகரிக்க விரும்புபவர் இவற்றில் ஒரே ஒரு வரிசையைத் தேர்ந்து, அதன் ஆண்டுகளையும் அடிக்கப்பட்ட எண்ணிக்கையையும் நன்கு படித்த பிறகு வாங்கத் தொடங்கலாம். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தால் எதுவும் முழுமை பெறாது.

பிளாட்டினமும் பல்லேடியமும் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் தேவையை, குறிப்பாக வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளின் தேவையைச் சார்ந்தவை. வாங்குவோர் குறைவு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். புதியவர் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: பிரீமியத்தைக் கணக்கிடுதல்

சந்தை விலை என்று செய்திகளில் வருவது, பெரிய கட்டிகளாக நிறுவனங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தின் விலை. லண்டனில் தங்கத்துக்கு அந்நகர நேரப்படி காலை 10.30 மணிக்கும் மாலை 3 மணிக்கும், வெள்ளிக்கு நண்பகல் 12 மணிக்கும் நடக்கும் ஏலங்களில் உருவாகும் விலை உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. நாணயத்தை அந்த விலைக்கு வாங்க முடியாது. அடிக்கும் கூலி, அனுப்பும் செலவு, காப்பீடு, வணிகரின் இலாபம் ஆகியவை அதன் மேல் ஏறும்.

ஒருவர் உலோக மதிப்பைவிட 6 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்து ஒரு நாணயத்தை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதையே விற்கும்போது வணிகர் உலோக மதிப்பில் 2 விழுக்காடு குறைத்துக்கொள்கிறார். அப்படியானால் உலோகத்தின் விலை ஏறக்குறைய 8.2 விழுக்காடு ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும். அதற்கு மேல் ஏறுவதே இலாபம். எந்த நாணயத்தையும் வாங்கும் முன் இந்த இரு எண்களையும் கேட்க வேண்டும்: இன்று எனக்கு என்ன விலைக்கு விற்பீர்கள், இதே நாணயத்தை இன்று நான் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்? இரண்டாம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் நான் வாங்குவதில்லை.

நாணயம் சிறிதாகச் சிறிதாகப் பிரீமியம் கூடும். பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ் நாணயத்தை அடிப்பதற்கும் ஓர் அவுன்ஸ் நாணயத்தை அடிப்பதற்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்; ஆனால் அந்தக் கூலி பரவ வேண்டிய தங்கம் பத்தில் ஒன்றுதான். ஆகவே, பத்துச் சிறு நாணயங்களின் மொத்த விலை ஒரு பெரிய நாணயத்தின் விலையைவிடக் கணிசமாக அதிகம். அவசரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாம் என்ற வசதிக்காகச் சிலவற்றை வைத்துக்கொள்ளலாம். சேமிப்பு முழுவதையும் சிறு நாணயங்களில் வைப்பது வீண்செலவு. வெள்ளியில் உலோகமே மலிவு என்பதால், ஓர் அவுன்ஸ் நாணயத்திலும் பிரீமியத்தின் விழுக்காடு தங்கத்தைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும்.

பீதி பரவும் காலங்களில் இந்தக் கணக்கு தலைகீழாவதும் உண்டு. 2020 மார்ச்சில் வெள்ளியின் சந்தை விலை சரிந்தபோது, நாணயங்களின் விலை அதற்கேற்ப இறங்கவில்லை; கையிருப்பு தீர்ந்து பிரீமியம் எகிறியது. திரையில் தெரிந்த மலிவு விலையில் நாணயம் எங்கும் கிடைக்கவில்லை. இத்தகைய நாட்களில் வாங்காமல் இருப்பதே நல்லது. மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அமைதியான காலத்தில் வாங்குபவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

தரச்சான்றுப் பெட்டிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஷெல்டன் அளவுகோல் என்னும் 1 முதல் 70 வரையிலான தரவரிசையில் மதிப்பிட்டு, நாணயத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்கள் 1980-களின் நடுவிலிருந்து இயங்குகின்றன. அரிய பழைய நாணயங்களுக்கு அந்தச் சேவை மிகவும் பயனுள்ளது. ஆனால், இலட்சக்கணக்கில் அடிக்கப்படும் இவ்வாண்டு நாணயத்துக்கு 70 என்ற எண்ணும் முதல் நாள் வெளியீடு என்ற ஒட்டுச்சீட்டும் இருப்பதற்காக இருமடங்கு விலை கொடுப்பது, சீட்டை வாங்கி நாணயத்தை இலவசமாகப் பெறுவது போன்றது.

ஐந்தாம் படி: வாங்கியதைச் சோதித்தல்

நம்பகமான வணிகரிடம் வாங்குவதே முதல் சோதனை. நாணயச்சாலைகள் பெரும்பாலும் பதிவு பெற்ற பெருவணிகர்களுக்கே புல்லியன் நாணயங்களைக் கொடுக்கின்றன. அந்தச் சங்கிலியில் உள்ளவர்கள் விலைச்சீட்டுத் தருவார்கள், திரும்ப வாங்கவும் செய்வார்கள். உலோக மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு எவரேனும் முன்பின் தெரியாதவருக்கு விற்க முன்வந்தால், ஒன்று அது போலி, அல்லது திருட்டு. மூன்றாவது காரணம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

எனினும் சோதிக்கும் பழக்கம் வேண்டும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசும், விட்டத்தையும் தடிமனையும் நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலும் இருந்தால் பெரும்பாலான போலிகள் பிடிபட்டுவிடும். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் எடை இருக்கும் (இதுவே அதன் அடர்த்தி), செம்பு 8.96, ஈயம் 11.34. ஆகவே, மலிவான உலோகத்தில் முலாம் பூசிச் செய்பவர் எடையைச் சரியாக வைத்தால் பருமன் கூடிவிடும். பருமனைச் சரியாக வைத்தால் எடை குறைந்துவிடும். மேப்பிள் லீஃப் தங்க நாணயத்தின் விட்டம் 30 மில்லிமீட்டர், தடிமன் 2.87 மில்லிமீட்டர், ஃபில்ஹார்மோனிக் 37 மில்லிமீட்டர் அகலத்தில் 2 மில்லிமீட்டர் தடிமனே உடையது. இந்த அளவுகளை நாணயச்சாலைகளே வெளியிடுகின்றன. எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஐயம் இருந்தால் தண்ணீர்ச் சோதனை உண்டு. ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்கிக்கொள்ள வேண்டும். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடித்தால், தராசு காட்டும் கிராமே நாணயத்தின் பருமனைக் கன சென்டிமீட்டரில் சொல்லும். 31.10 கிராம் சுத்தத் தங்க நாணயம் ஏறத்தாழ 1.61 என்று காட்டும். அதே எடையுள்ள வெள்ளி நாணயம் 2.96 அளவில் காட்டும். குமிழி ஒட்டியிருந்தால் எண் பிழையாகும். 22 கேரட் நாணயத்தின் அடர்த்தி சேர்மானத்தால் குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு அகப்படாதது டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு மிக அருகில். ஆனால் அது மிகவும் கடினமான, எளிதில் நொறுங்கும் உலோகம் என்பதால் நாணயமாக அடிப்பது கடினம். தங்கக் கட்டிகளின் உள்ளே மறைத்து வைப்பதே அதற்கு ஏற்ற மோசடி. மின்கடத்து திறனை அளக்கும் கருவி வைத்திருக்கும் வணிகர் அதை நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வெள்ளிக்கு வலிமையான நியோடிமியம் காந்தம் உதவும்: சாய்த்துப் பிடித்த நாணயத்தின் மேல் அது ஒட்டாது, ஆனால் மெதுவாக வழுக்கி இறங்கும். செம்பிலும் இவ்வாறே நடக்கும் என்பதால் இது மட்டும் போதாது. காந்தம் ஒட்டிக்கொண்டால் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை, அது போலியே.

உரைகல்லும் அமிலமும் நகைக்கு உரியவை. நாணயத்தை உரைத்தால் உண்மை தெரியும். கூடவே நாணயத்தின் மதிப்பும் குறையும். புதிய நாணயங்களில் நாணயச்சாலைகளே காப்பு அடையாளங்களை வைத்திருக்கின்றன. அண்மைய ஆண்டுகளின் வெள்ளி மேப்பிள் லீஃபின் பின்னணியில் கதிர்போன்ற நுண்கோடுகளும், உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் ஆண்டு எண் கொண்ட சிற்றிலையும் உள்ளன. 2021 முதல் பிரிட்டானியாவைச் சாய்த்தால் உருவம் மாறும் ஒரு பகுதி உள்ளது.

ஆறாம் படி: வைத்திருத்தல்

நாணயத்தை ஓரத்தில் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக் கூடாது. எக்காரணம் கொண்டும் துலக்கக் கூடாது. வெள்ளி கருப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் மேலே படியும் வெள்ளி சல்ஃபைடால்தான். அது உலோகத்தின் எடையைப் பாதிப்பதில்லை. அதைப் பற்பசையாலோ புளியாலோ தேய்த்தவர் சேகரிப்பாளர் தரும் மதிப்பைத் தேய்த்தவராவார். புது வெள்ளி நாணயங்களில் பால் தெறித்தது போல் வரும் வெண்புள்ளிகளும் அவ்வாறே. தோற்றக் குறை மட்டுமே.

உண்மையில் கெடுப்பது மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை. நாளடைவில் அது பச்சை நிறப் பிசுக்கை விட்டு, நாணயத்தை அரிக்கிறது. கெட்டியான அக்ரிலிக் கூடு, மைலார் உறை, நாணயச்சாலையே தரும் குழாய் ஆகியவை பாதுகாப்பானவை. ரப்பர் பட்டையும் கந்தகம் கொண்டது என்பதால் ஆகாது. ஈரத்தை உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

இட வசதியையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். 500 வெள்ளி நாணயங்கள் கொண்ட பெட்டி நாணயங்களின் எடையால் மட்டுமே பதினைந்தரைக் கிலோ. அதே மதிப்புள்ள தங்கம் உள்ளங்கையில் அடங்கிவிடும். வீட்டில் வைப்பதானால், தரையோடு பிணைத்த இரும்புப் பெட்டகமும் யாரிடமும் பேசாத வாயும் வேண்டும். வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர், உள்ளிருப்பவற்றுக்குக் காப்பீடு தானாகவே உண்டு என்று கருதிவிடாமல் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழாம் படி: வரியும் விற்பனையும்

வரி நாட்டுக்கு நாடு மாறும். வாங்கும் முன்பே அறிய வேண்டியது இது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 1800-க்குப் பின் அடிக்கப்பட்டு, ஆயிரத்துக்கு 900 பங்குக்குக் குறையாத தூய்மை கொண்டு, வெளியிட்ட நாட்டில் செல்லுபடியாவதோ முன்பு செல்லுபடியானதோ ஆகி, தங்கத்தின் மதிப்பைவிட 80 விழுக்காட்டுக்கு மேல் கூடாத விலைக்கு வழக்கமாக விற்கப்படும் நாணயங்களுக்கு மதிப்புக்கூட்டு வரி இல்லை. வெள்ளிக்கு இந்தச் சலுகை கிடையாது. பிரிட்டனில் வசிப்பவருக்குச் சாவரினிலும் பிரிட்டானியாவிலும் கிடைக்கும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கிருகெராண்டுக்கு அந்த விலக்கு இல்லை. எல்லாவற்றிலும் இருப்பது அதே தங்கம்தான். ஆனால் வரிக்குப் பின் கைக்கு வருவது வேறு. உங்கள் நாட்டின் விதி எதுவோ அதுவே மூன்றாம் படியில் செய்த தேர்வை மாற்றவும் கூடும்.

ஒவ்வொரு கொள்முதலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: தேதி, நாணயம், சுத்த எடை, கொடுத்த விலை, அன்றைய சந்தை விலை, பிரீமியத்தின் விழுக்காடு, விலைச்சீட்டின் எண். விற்கும் நாளில் குறைந்தது மூன்று வணிகரிடமாவது ஒரே நேரத்தில் விலை கேளுங்கள். உலோக விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் கேட்டு ஒப்பிடுவதில் பொருளில்லை. உருக்கும் கடைக்கு நாணயத்தைக் கொண்டு போக வேண்டாம். அங்கே சேதாரம் கழிப்பார்கள், பிரீமியத்தில் ஒரு காசும் திரும்பாது.

அந்தக் குறிப்பேட்டின் நகல் ஒன்றை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, எது உலோகத்துக்காக வாங்கியது, எது சேகரிப்பு, எதை யாரிடம் விற்க வேண்டும், எதையும் துலக்கக் கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்துவிடுங்கள்.